பள்ளிவாசலில் பேசியது கோர்ட்டுக்குப் போகுமா? சமரசப் பேச்சுக்குச் சட்டம் தரும் ரகசியக் காப்பு

குடும்பப் பிரச்சினையில் இரு தரப்பாரும் உட்கார்ந்து பேசும்போது யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "இங்கே பேசுறது இந்த நாலு சுவருக்குள்ளேயே இருக்கட்டும்." எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்த நம்பிக்கையில்தான் கணவர் "கோபத்தில் ஒரு தடவை கை நீட்டிட்டேன்" என்று ஒப்புக்கொள்கிறார். பெண்ணின் தகப்பனார், "நகை முப்பது பவுன்னு எழுதினோம், போட்டது இருபத்திரண்டுதான்" என்கிறார். பையனின் தாயார், மகன் வேலையை விட்டு எட்டு மாதமாகிறது என்பதை முதன்முதலாக வாய்விட்டுச் சொல்கிறார். பிறகு பேச்சு முறிகிறது. சில மாதம் கழித்து குடும்ப நல நீதிமன்றத்தில் தாக்கலாகும் மனுவில் அதே வார்த்தைகள், சொன்ன தேதியோடு, சாட்சிகளின் பெயரோடு நிற்கின்றன.

இதைச் சட்டம் அனுமதிக்கிறதா என்று கேட்டு வருவோர் அதிகம். ஒரே பதில் கிடையாது. எந்த அறையில், எந்தச் சட்டத்தின் கீழ் உட்கார்ந்து பேசினீர்கள் என்பதைப் பொறுத்தே பதில் மாறும். கதவு சாத்தியிருந்ததாலோ, பேசி வைத்தவர் மரியாதைக்குரிய பெரியவர் என்பதாலோ ஒரு பேச்சு சட்டத்தின் பார்வையில் ரகசியமாகிவிடாது. நீதிமன்றம் அனுப்பி வைக்கும் சமரச மையத்தில் பேசியதற்கு வலுவான காப்பு உண்டு. ஜமாஅத் அலுவலகத்தில் பேசியதற்கு அந்தக் காப்பு இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பல குடும்பங்கள் தவறான இடத்தில் மனம் திறக்கின்றன, திறக்க வேண்டிய இடத்தில் வாய் மூடிக்கொள்கின்றன.

(இங்கே எழுதுவது இந்தியச் சட்டம் பற்றி மட்டுமே. இலங்கையில் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் இயங்கும் காதி நீதிமன்றமும், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் மத்தியஸ்த சபைகளும் தனி ஏற்பாடுகள். அவற்றை இதோடு கலக்க வேண்டாம்.)

அமானிதம் வேறு, சட்டக் காப்பு வேறு

திருக்குர்ஆன் 4:35 வசனம், தம்பதியர் பிரிந்துவிடுவார்களோ என்ற அச்சம் எழும்போது கணவர் குடும்பத்திலிருந்து ஒருவரையும் மனைவி குடும்பத்திலிருந்து ஒருவரையும் நடுவராக ஏற்படுத்தச் சொல்கிறது. ஊர் முழுக்கக் கூட்டம் கூட்டச் சொல்லவில்லை. இரண்டே பேர், அதுவும் அவரவர் குடும்பத்திலிருந்து. பிரச்சினை வெளியே பரவாமல் இருப்பதற்கான ஏற்பாடு அந்த எண்ணிக்கையிலேயே இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. ஒருவர் அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு செய்தியைச் சொன்னால் அது அமானிதம் என்ற கருத்தில் அபூதாவூதிலும் திர்மிதியிலும் ஹதீஸ் வருகிறது. கணவன் மனைவிக்கு இடையிலான அந்தரங்கத்தை வெளியே பரப்புவதை முஸ்லிமில் வரும் ஹதீஸ் மிகக் கடுமையாகக் கண்டிக்கிறது.

ஆகவே பஞ்சாயத்தில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் மார்க்கக் கடமை இருக்கிறது. அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மார்க்கக் கடமையை மீறினால் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. மீறிச் சொல்லப்பட்ட வார்த்தையை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்குமா என்பது இன்னொன்று. இந்தியச் சாட்சியச் சட்டம் வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வதற்குக் காப்பு தருகிறது. இமாமிடமோ, முத்தவல்லியிடமோ, காஜியிடமோ சொல்வதற்கு அப்படியொரு காப்பு எந்தப் பிரிவிலும் இல்லை. சம்மன் வந்தால் இமாமும் கூண்டில் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறிய பிறகு உண்மையைத்தான் சொல்ல வேண்டும். சாட்சியத்தை மறைக்கக் கூடாது என்பதும் குர்ஆனின் கட்டளைதான் (2:283).

நீதிமன்றம் அனுப்பும் சமரசம்

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது நீதிபதி, "சமரச மையத்துக்குப் போய்ப் பேசிப் பாருங்கள்" என்று அனுப்புவது இன்று எல்லாக் குடும்ப வழக்கிலும் நடப்பது. குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 1984இன் 9ஆம் பிரிவு, சமாதானத்துக்கு முயல்வதை நீதிபதியின் கடமையாகவே வைத்திருக்கிறது. மற்ற உரிமையியல் வழக்குகளுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு 2002 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இதில் நம்மூர்ப் பங்கு பெரியது. அந்தச் சட்டத் திருத்தத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்கள் சேலம் வக்கீல் சங்கத்தார். அந்த வழக்கில் அமைக்கப்பட்ட, நீதியரசர் ஜகந்நாத ராவ் தலைமையிலான குழு சமரசத்துக்கான மாதிரி விதிகளை எழுதியது. 2005 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, உயர் நீதிமன்றங்கள் தத்தம் விதிகளை வகுக்க வழி செய்தது. அதற்குச் சில மாதம் முன்பே, 2005 ஏப்ரல் 9 அன்று, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தமிழ்நாடு சமரச மையம் திறக்கப்பட்டுவிட்டது. நாட்டில் நீதிமன்றத்தோடு இணைந்து தொடங்கிய முதல் சமரச மையம் அதுதான். இப்போது மாவட்ட நீதிமன்றங்களிலும் மையங்கள் உள்ளன. கட்சிக்காரர்கள் மத்தியஸ்தருக்குக் கட்டணம் தர வேண்டியதில்லை.

மாதிரி விதிகள் ரகசியத்தைப் பற்றிச் சொல்வது என்ன? சமரசத்தில் ஒருவர் வெளியிட்ட கருத்து, ஒப்புக்கொண்ட விஷயம், மத்தியஸ்தர் முன்வைத்த யோசனை, "இவ்வளவு தந்தால் சம்மதம்" என்று ஒருவர் காட்டிய விருப்பம், அங்கே தயாரித்த குறிப்புகள் ஆகிய எதையும் வேறு எந்த வழக்கிலும் கட்சிக்காரர்கள் ஆதாரமாகக் கொண்டுவரக் கூடாது. ஒலிப்பதிவும் வீடியோவும் கூடாது. மத்தியஸ்தரைச் சாட்சியாக அழைக்க முடியாது.

மத்தியஸ்தர் நீதிபதிக்கு என்ன எழுதலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2010 டிசம்பரில் மோதி ராம் எதிர் அசோக் குமார் வழக்கில் தெளிவாக்கியது. சமரசம் கைகூடினால், இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மட்டும் அனுப்ப வேண்டும். உள்ளே என்ன நடந்தது என்று எழுதக் கூடாது. கைகூடாவிட்டால், கைகூடவில்லை என்ற ஒரு வரி போதும். யார் பிடிவாதம் பிடித்தார், யார் என்ன கேட்டார், எந்தத் தொகையில் முறிந்தது என எதுவும் அறிக்கையில் வரக் கூடாது. இந்த வழக்கின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வக்கீலிடம் சொன்னால் அவருக்கு உடனே புரியும்.

இந்தக் காப்பு யாரைக் கட்டுப்படுத்தும்? கணவன் மனைவியை மட்டுமல்ல. உடன் வந்து உட்காரும் தாய்மாமா, அண்ணன், வக்கீல் எல்லோரையும்தான். மையத்தில் பேசியதை மாமா வெளியே வந்து உறவுக்காரர் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகப் போட்டால் அதுவும் மீறல்தான். பேசி முடிக்கும் வரை உறவினர்களை வராந்தாவில் உட்கார வைத்துவிடுவது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மத்தியஸ்தரின் அனுமதி இல்லாமல் மூன்றாம் நபர் உள்ளே இருக்க முடியாது.

பலருக்குத் தெரியாத நுணுக்கம் ஒன்று இருக்கிறது. மத்தியஸ்தர் ஒவ்வொரு தரப்பையும் தனியே அழைத்துப் பேசுவார். தனியே சொன்னதால் அது மறு தரப்புக்குப் போகாது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். மாதிரி விதிப்படி, சச்சரவு பற்றி ஒருவர் தரும் தகவலின் சாரத்தை மற்றவரிடம் சொல்லி விளக்கம் கேட்பதுதான் மத்தியஸ்தரின் வழக்கமான கடமை. ரகசியமாக இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் மட்டுமே அவர் சொல்ல மாட்டார். எனவே, "இதை அவங்ககிட்ட சொல்ல வேண்டாம்" என்று வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். பெண்கள் குறிப்பாக இதைக் கவனிக்க வேண்டும். கணவர் வீட்டில் நடந்த ஒன்றை மத்தியஸ்தரிடம் சொல்லிவிட்டு அன்று மாலையே அதே வீட்டுக்குத் திரும்பப் போகிற பெண்ணுக்கு, சொன்னது எங்கே போகும் என்பது உயிர்ப் பிரச்சினையாகவும் ஆகலாம்.

இன்னொன்று, சமரசத்தில் காட்டியதாலேயே ஒரு பத்திரம் ரகசியமாகிவிடாது. வங்கிக் கணக்கு, நகைக்கடை பில், மருத்துவமனைச் சீட்டு, நிக்காஹ் தஃப்தரின் நகல் இவையெல்லாம் வெளியே ஏற்கெனவே இருப்பவை. அவற்றை நீதிமன்றத்தில் தாராளமாகத் தாக்கல் செய்யலாம். சமரசத்துக்கென்றே எழுதிய குறிப்பும் அங்கே சொன்ன சொல்லும் மட்டுமே காப்புக்குள் வரும்.

2023 மத்தியஸ்தச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதா?

"இப்போதான் புதுச் சட்டமே வந்துடுச்சே" என்று சொல்வோர் உண்டு. அதில் பாதிதான் சரி. மத்தியஸ்தச் சட்டம் 2023க்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் செப்டம்பர் 14 அன்று கிடைத்தது. ஆனால் ஒப்புதல் கிடைத்த நாளிலேயே எல்லாப் பிரிவும் அமலுக்கு வந்துவிடாது. மத்திய அரசு அறிவிக்கும் தேதியில்தான் வரும். 2023 அக்டோபர் 9 அன்று வந்த அறிவிப்பில் பெரும்பாலும் மத்தியஸ்தக் கவுன்சில் அமைப்பது போன்ற நிர்வாகப் பிரிவுகள்தான் இருந்தன. ரகசியம் பற்றிய 22, 23ஆம் பிரிவுகள் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் வழக்கு நடக்கும் நாளில் அவை அமலில் உள்ளனவா என்பதை வக்கீலிடம் கேட்டு உறுதி செய்த பிறகே அவற்றை நம்ப வேண்டும்.

அந்தப் பிரிவுகள் அமலுக்கு வரும்போது காப்பு நீதிமன்ற சமரசத்தோடு நின்றுவிடாது. வழக்குப் போடுவதற்கு முன்பே அச்சட்டப்படி நடக்கும் மத்தியஸ்தத்துக்கும் சேரும். 22ஆம் பிரிவு கேட்ட மன்னிப்பையும் ரகசியப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தே எத்தனையோ பேர் கேட்காமல் போகிறார்கள். ஒரு "மன்னிச்சிரும்மா"வில் முடிந்திருக்க வேண்டிய பிரச்சினை குலாவில் முடிகிறது.

அதே சட்டத்தில் சமூக மத்தியஸ்தம் என்று ஓர் அத்தியாயம் (43, 44ஆம் பிரிவுகள்) இருப்பதைப் பார்த்துவிட்டு, நம் ஜமாஅத்துகள் இனி அதற்குள் வந்துவிடும் என்று மேடையில் பேசுகிறார்கள். அப்படித் தானாக வராது. ஒரு பகுதியின் அமைதி கெடக்கூடிய சச்சரவுகளுக்கான ஏற்பாடு அது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமோ மாவட்ட நிர்வாகத்திடமோ விண்ணப்பித்து, அவர்கள் அமைக்கும் மூவர் குழு முன் பேச வேண்டும். அதில் எட்டும் உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்பாணை போல் நிறைவேற்றவும் முடியாது. முன் சொன்ன 2023 அறிவிப்பில் இந்தப் பிரிவுகளும் இல்லை.

ஜமாஅத் அலுவலகத்தில் நடப்பது என்ன?

சட்டத்தின் பார்வையில் மஹல்லா ஜமாஅத்தின் பஞ்சாயத்து ஒரு தனியார் பேச்சுவார்த்தை. 1880ஆம் ஆண்டு காஜிகள் சட்டமே, காஜிக்கு நீதி அதிகாரம் எதையும் தரவில்லை என்று 4ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. தாருல் கழா, ஃபத்வா ஆகியவற்றுக்குச் சட்டப்படி கட்டாயத் தன்மை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2014 ஜூலையில் கூறியது. ஆனால் விரும்பிப் போவதை அது தடுக்கவில்லை. வழிபாட்டுத் தலங்களில் நீதிமன்றம் போலச் சபை நடத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. அதாவது, பேசி வைப்பதற்குத் தடை இல்லை, தீர்ப்புச் சொல்வதற்கு அதிகாரம் இல்லை. நமது பழைய ஃபிக்ஹ் நூல்களிலும், இந்த இரு நடுவர்கள் வெறும் பிரதிநிதிகளா, தீர்ப்பளிக்க அதிகாரம் பெற்றவர்களா என்ற விவாதம் உண்டு. ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் பிரபலமான நிலை பிரதிநிதிகள் என்பதே. தமிழ்நாட்டில் இந்த இரண்டு மத்ஹபுகள்தானே பெரும்பான்மை?

தனியார் பேச்சுவார்த்தை என்பதால் இதற்கு ஒரே ஒரு பொதுவான காப்புதான் இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியமின் 21ஆம் பிரிவாக வந்திருக்கிறது. உரிமையியல் வழக்கில், "இதைச் சாட்சியமாகக் காட்டக் கூடாது" என்ற வெளிப்படையான நிபந்தனையோடு ஒருவர் ஒப்புக்கொண்ட விஷயத்தை ஆதாரமாகக் கொள்ள முடியாது. நிபந்தனை எழுதப்படாவிட்டாலும், இரு தரப்பும் அப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று சூழ்நிலையிலிருந்து நீதிமன்றம் ஊகிக்க முடிந்தால் அதே விளைவுதான். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பது நீதிமன்றத்தில் ஊகத்துக்குப் போதாது. எழுத்தில் இருந்தால்தான் பலம்.

இந்தப் பிரிவில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, இது உரிமையியல் வழக்குக்கு மட்டுமே. பஞ்சாயத்தில் "அடித்தேன்" என்று சொன்ன கணவர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவில் (பழைய 498ஏ) வழக்கு வந்தால், அந்தச் சொல்லைக் கேட்ட முத்தவல்லியைச் சாட்சியாக அழைக்க முடியும். ஒரே அமர்வில் முத்தலாக் சொல்வதும் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆத்திரத்தில் ஜமாஅத் அலுவலகத்திலேயே அதைச் சொல்லிவிட்டு, "உள்ளே பேசினது" என்று ஒளிந்துகொள்ள முடியாது. இரண்டாவது, குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. பிரச்சினையைத் தீர்க்க உதவும் என்று கருதினால், சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தக்கதா என்று பார்க்காமலே எந்த அறிக்கையையும் ஆவணத்தையும் அந்த நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே எழுதி வைத்த நிபந்தனையும் முழுக் கவசம் அல்ல. அது இருந்தால் வாதிட இடம் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

நம் ஜமாஅத்துகளின் பழக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது. பஞ்சாயத்து மினிட் புத்தகத்தில் யார் என்ன சொன்னார் என்று வரிக்கு வரி எழுதி, கீழே எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறோம். ஒழுங்காக நடந்தது என்று காட்டத்தான் எழுதுகிறோம். வழக்கென்று வந்தால் அந்தப் புத்தகத்தைத் தாக்கல் செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிட முடியும். ஒரு தாயின் கண்ணீரையும் ஒரு கணவரின் ஆண்மைக் குறைவு பற்றிய பேச்சையும் எழுதிப் பூட்டி வைத்த பீரோ, அடுத்த நிர்வாகத் தேர்தலில் யார் கைக்குப் போகும் என்று யோசித்தால் எழுதக் கை வராது. தேதி, வந்தவர்கள் பெயர், உடன்பாடு ஏற்பட்டதா இல்லையா, ஏற்பட்டிருந்தால் அதன் ஷரத்துகள். இதற்கு மேல் அந்தப் புத்தகத்தில் தேவையில்லை.

செல்போன் அடுத்த தொல்லை. சட்டைப் பையில் ரெக்கார்டிங் ஓடிக்கொண்டே இருக்கிறது. கணவன் மனைவி பேசியதை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் அவர்களுக்கிடையிலான வழக்கில் அதை ஆதாரமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்த பிறகு இது கூடியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு தம்பதியர் தமக்குள் பேசிக்கொண்டது பற்றியது. சமரச மையத்தில் பதிவு செய்ய அது உரிமம் தரவில்லை. அங்கே விதி தடுக்கிறது. ஜமாஅத் அலுவலகத்தில் அப்படித் தடுக்கும் விதி இல்லை என்பதால், போன்களை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்வது நிர்வாகத்தின் பொறுப்பு.

மகளிர் காவல் நிலையத்தில் நடக்கும் பேச்சும் இதே வகைதான். மனு விசாரணையில் எழுதிக் கொடுக்கும் கடிதம் அந்தக் கோப்பில் இருக்கும், பிறகு கேட்டுப் பெறவும் முடியும். அங்கே இன்ஸ்பெக்டர் இருக்கிறார் என்பதற்காக அது சமரச மையமாகிவிடாது.

மறைக்கக் கூடாதவை

ரகசியம் என்ற சொல்லை வைத்து நம் சமுதாயத்தில் நடக்கும் பெரிய அநியாயம் இங்கேதான். "வெளியே சொன்னா குடும்ப மானம் போயிடும்" என்று அடிபட்ட பெண்ணிடம் சொல்லி அனுப்புகிறோம். அதற்கு மார்க்கத்திலும் ஆதாரமில்லை, சட்டத்திலும் இல்லை. சபையில் பேசியது அமானிதம் என்ற கருத்தில் அபூதாவூதில் வரும் இன்னொரு அறிவிப்பு, அநியாயமாக இரத்தம் சிந்துதல், தகாத உறவு, பிறர் சொத்தைப் பறித்தல் ஆகிய மூன்றையும் விதிவிலக்காகச் சொல்கிறது. அதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்று ஹதீஸ் கலையினர் சொல்வார்கள். ஆனாலும் அநியாயத்தை மூடி மறைக்கக் கூடாது என்ற கருத்துக்கு வேறு ஆதாரங்கள் போதுமான அளவு உண்டு.

2023 சட்டத்தின் 23ஆம் பிரிவும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. குற்றம் செய்யப்போவதாகச் சொல்லும் மிரட்டல் அல்லது திட்டம், குடும்ப வன்முறை பற்றிய தகவல், குழந்தை மீதான கொடுமை, பொதுமக்களின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடியாக வரக்கூடிய பெரிய ஆபத்து. இவற்றுக்கு ரகசியக் காப்பே கிடையாது.

குழந்தை விஷயத்தில் இன்னும் ஒருபடி மேலே போக வேண்டும். போக்சோ சட்டம் 2012இன் 19ஆம் பிரிவுப்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மத்தியஸ்தர், இமாம், மதரஸா உஸ்தாத், முத்தவல்லி, சொந்த மாமா என்று யாருக்கும் விலக்கில்லை. தெரிவிக்காமல் விட்டால் 21ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். பணம் வாங்கிக் கொடுத்துப் பேசி முடித்த பஞ்சாயத்தார் பிறகு குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடும். இந்த வகைப் புகார் வந்தால் ஜமாஅத் செய்ய வேண்டியது ஒன்றுதான். பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டுப் பிள்ளையின் பெற்றோரோடு காவல் நிலையத்துக்குப் போக வேண்டும், அல்லது 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

பிள்ளை யாரிடம் என்ற வழக்கு

பிள்ளை தாயிடமா தந்தையிடமா என்ற வழக்கில் ரகசிய விதி கொஞ்சம் இளகும். 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று இதற்கு அடிப்படை (குடும்ப வழக்கு என்பதால் பெயர் எழுதவில்லை). டெல்லி உயர் நீதிமன்றம் பெற்றோரைச் சமரசத்துக்கு அனுப்பியது. மத்தியஸ்தரும் ஆலோசகரும் பிள்ளையிடம் பேசி அறிக்கை கொடுத்தார்கள். சமரசம் கைகூடவில்லை. அந்த அறிக்கையை இனிப் பார்க்கலாமா என்பதில் உயர் நீதிமன்றமே முதலில் ஒரு விதமாகவும் மறுஆய்வில் வேறு விதமாகவும் சொன்னது. பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. பெற்றோர் இருவருக்குமிடையே நடந்த பேரம்தான் ரகசியம், பிள்ளையின் நலனை நீதிமன்றம் அறிந்துகொள்வதற்காகப் பிள்ளையிடம் கேட்டது அந்த ரகசியத்துக்குள் வராது என்பது அதன் சாரம்.

எனவே சமரச மையத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போகும்போது, அது அங்கே பேசுவது நீதிபதியின் மேசைக்குப் போகலாம் என்று தெரிந்தே போங்கள். காரில் வரும்போது "இப்படிச் சொல்லணும், அத்தா அடிச்சாருன்னு சொல்லணும்" என்று பாடம் நடத்தும் பெற்றோரை ஆலோசகர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதையும் எழுதுவார்கள்.

முன்கூட்டி எழுதிக்கொள்வது

ஜமாஅத்திலோ குடும்பப் பெரியவர் வீட்டிலோ உட்காரும் முன் கீழ்க்கண்ட மாதிரி ஒரு பத்தியை வெள்ளைத் தாளில் எழுதி, இரு தரப்பும் நடுவர்களும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளலாம். பேச ஆரம்பித்த பிறகு எழுதினால் அதற்கு முன் சொன்னவற்றுக்கு இது பயன்படாது.

"நாங்கள் இரு தரப்பாரும் எங்கள் குடும்பப் பிரச்சினையைச் சமாதானமாகத் தீர்த்துக்கொள்ளும் நோக்கத்தில் இன்று பேசுகிறோம். இப்பேச்சில் யார் சொல்வதையும், ஒப்புக்கொள்வதையும், தர முன்வருவதையும் எந்த நீதிமன்றத்திலும் சாட்சியமாகக் காட்ட மாட்டோம் என்றும், நடுவர்களைச் சாட்சியாக அழைக்க மாட்டோம் என்றும், ஒலி, ஒளிப் பதிவு செய்ய மாட்டோம் என்றும் சம்மதிக்கிறோம். குடும்ப வன்முறை, குழந்தைகள் மீதான குற்றம், குற்றம் செய்வதாக மிரட்டல் ஆகியவற்றுக்கு இந்தச் சம்மதம் பொருந்தாது."

கடைசி வாக்கியத்தை யாராவது எடுக்கச் சொன்னால் அந்த இடத்தில் பேச உட்காராதீர்கள்.

உடன்பாடு எட்டி, மஹர் பாக்கி, நகை, இத்தா காலச் செலவு, பிள்ளையைப் பார்க்கும் நாட்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டால், அந்த ஒப்பந்தம் ரகசியமல்ல. அதை நிறைவேற்றக் கோரி நீதிமன்றத்தில் காட்டத்தான் வேண்டும். வழக்கு நிலுவையில் இருந்தால் அதை நீதிமன்றத்திலோ லோக் அதாலத்திலோ பதிவு செய்துவிடுவது பாதுகாப்பு. லோக் அதாலத்தின் முடிவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. எனவே அந்தக் காகிதத்தில் ஷரத்துகள் மட்டும் இருக்கட்டும். யார் மீது தவறு, ஏன் பிரிகிறார்கள் என்ற வரலாறு வேண்டாம்.

வெளியே வந்துவிட்டால்

சமரச மையத்தில் பேசியதை மறு தரப்பு மனுவிலோ பிரமாண வாக்குமூலத்திலோ எழுதியிருந்தால், பதில் மனுவிலேயே ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். சாட்சி விசாரணையில் சொல்ல ஆரம்பித்தால் அந்த நிமிடமே உங்கள் வக்கீல் எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். பதிவாகிக் குறுக்கு விசாரணையும் முடிந்த பிறகு சொன்னால் பலன் குறைவு. மத்தியஸ்தரே வெளியிட்டிருந்தால் சமரச மையப் பொறுப்பாளரிடம் எழுத்தில் புகார் தரலாம். அந்தப் புகாரை நிரூபிக்கத் தேவையான அளவுக்கு உள்ளே நடந்ததைச் சொல்வதை 2023 சட்டமும் விதிவிலக்காக வைத்திருக்கிறது. ஜமாஅத் பேச்சு வெளியானால், மேலே சொன்ன எழுத்து இருந்தால் அதன் நகலை 21ஆம் பிரிவைச் சுட்டித் தாக்கல் செய்யுங்கள். எழுத்து இல்லையென்றால், சமாதானத்துக்காகக் கூடிய சூழல் அது என்பதைக் காட்டும் அழைப்புக் கடிதம், ஜமாஅத் அனுப்பிய செய்தி போன்றவற்றைத் தேடி எடுத்து வக்கீலிடம் கொடுங்கள்.